வளைந்த அட்டையை நிமிர்த்தாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணை ஒழிப்பது வழக்கம். இடிக்கப்போகிற வீடு என்றால் பரண் சாமான் மொத்தமும் எடைக்குப் போய்விடுகிறது. அதில் ஸ்டீரியோஸ்கோப்பும், அதாவது அட்டையில் ஒட்டிய இரட்டைப் படத்தை ஒரே காட்சியாக ஆழத்தோடு காட்டும் பழைய கருவியும், போகிறது என்பதால்தான் இக்கடிதம்.

பார்த்தால் அடையாளம் தெரியும். முகத்தில் பொருந்துகிற மூடி, இரண்டு வில்லை, நடுவே தடுப்புப் பலகை, முன்னால் நீளும் சட்டம், அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் குறுக்குக்கட்டை, அட்டையைப் பிடிக்க இருபுறமும் கம்பி, அடியில் மடங்கும் கைப்பிடி. அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் 1861இல் வடிவமைத்தது. அவர் காப்புரிமை வாங்காததால் பல கம்பெனிகள் இதைச் செய்து விற்றன. இதில் வைத்துப் பார்ப்பது ஏழு அங்குல நீளம், மூன்றரை அங்குல உயரமுள்ள அட்டை. பக்கத்தில் பக்கமாக இரண்டு படம் ஒட்டியிருக்கும். வாங்க வருகிறவர்கள் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டைகளை பழைய பேப்பரோடு தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் அட்டை இல்லாமல் கருவியால் பயனில்லை. இத்தகைய அட்டைகளை விற்ற அமெரிக்காவின் அண்டர்வுட் கம்பெனியின் அட்டைகள் புத்தகம் போலவே செய்த பெட்டியில் வந்தன. அலமாரியில் புத்தகத்தோடு புத்தகமாக நிற்கும். முதுகைப் பார்த்து ஏமாறாமல் திறந்து பார்க்க வேண்டும்.

அட்டை கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்கிற தவறு, அதை நிமிர்த்துவது. 1880 வாக்கிலிருந்து வந்த அட்டைகளில் பெரும்பாலானவை கம்பெனியே வளைத்துக் கொடுத்தவை; படம் உட்குழிவில் இருக்கும். ஈரத்தில் கோணிவிட்டது என்று நினைத்து அகராதிக்கு அடியில் வைத்தாலோ இஸ்திரி போட்டாலோ படத்தின் மேல்பூச்சு குறுக்கே கீறல் கீறலாக வெடிக்கும். வெடித்ததைச் சேர்க்க வழியே இல்லை. லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோவது இதைவிடக் கொடுமை. நகல் வேண்டுமானால் ஸ்கேனரில் அழுத்தாமல், ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையைக் கிடத்தி மேலிருந்து போட்டோ எடுத்தாலே போதும்.

அட்டை உண்மையானதா என்று சொல்ல ஒரு ஸ்கேலே போதும். படத்தில் தூரத்துக் கோபுரத்தின் கலசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடது படத்துக் கலசத்திலிருந்து வலது படத்துக் கலசம் வரை அளந்தால், உதாரணத்துக்கு, 76 மில்லிமீட்டர் என்று வைப்போம். இனி முன்னால் நிற்கும் ஆளின் தலைப்பாகையை அதே மாதிரி அளந்தால் 73 வரலாம். கிட்டத்துப் பொருளின் இடைவெளி குறைவாக இருந்தால் ஆழம் சரியாகத் தெரியும். இரண்டு அளவும் ஒன்றேயானால், ஒரே போட்டோவை இருமுறை ஒட்டியிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் பார்த்தாலும் தட்டையாகத்தான் இருக்கும். கிட்டத்துப் பொருளுக்கு இடைவெளி அதிகமானால் இடம் வலம் மாற்றி ஒட்டியது. கோபுரம் முன்னால் வந்து ஆள் பின்னால் போய்விடுவார்.

கருவியிலும் இதே மாதிரிச் சிக்கல் உண்டு. படங்களின் மையங்கள் ஏறத்தாழ மூன்று அங்குல இடைவெளியில் இருக்க, நம் கண்களின் இடைவெளி சராசரி 63 மில்லிமீட்டர்தான். அந்த வித்தியாசத்தை ஈடுகட்டத்தான் வில்லையை ஆப்பு மாதிரி செய்தார்கள்: காதுப்பக்கம் தடிப்பு, மூக்குப்பக்கம் மெலிவு. துடைப்பதற்காகக் கழற்றியவர் மாற்றிப் பொருத்திவிட்டால் இரண்டு படமும் சேரவே சேராது, தலைவலிதான் மிஞ்சும். கருவி கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவதற்கு முன் வில்லையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

பழையது என்று விற்கிற புதுச் சரக்கும் நிறைய வருகிறது. கூட்டல் குறி வெட்டிய திருகாணி 1930களுக்குப் பிறகு வந்தது; அது இருந்தால் குறைந்தது பழுதாவது பார்த்திருக்கிறார்கள். மூடி பிளைவுட்டா, வில்லை சாதாரண உருப்பெருக்கியா என்றும் பார்க்க வேண்டும். அலுமினிய மூடியில் 1901 ஜூன் 11 என்று பொறித்திருந்தால் அது காப்புரிமைத் தேதி; செய்த ஆண்டு அன்று.

சுத்தம் செய்கிறோம் என்று புளியும் சாம்பலும் பாத்திரம் துலக்கும் பொடியும் போட்டால் அலுமினியத்தில் உள்ள பூவேலை மழுங்கிவிடும். உலர்ந்த மெல்லிய துணி போதும். வில்லையில் சிலந்தி வலை போலப் படர்ந்திருப்பது பூஞ்சை. காற்றூதித் தூசியைப் போக்கிய பிறகு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் காய்ச்சி வடித்த நீரும் சம அளவு கலந்து, லென்ஸ் துடைக்கும் தாளில் இரண்டே சொட்டு விட்டு நடுவிலிருந்து வெளியே துடைக்க வேண்டும். மரத்தில் படவிடக் கூடாது. பழைய மெருகு அரக்கில் போட்டது, ஸ்பிரிட் பட்டதும் கரைந்துவிடும். பிரிந்த படத்தை ஒட்ட மயில்துத்தம் கலந்த மைதா பசை ஆகவே ஆகாது. மைதா இராமபாணப் பூச்சியை அழைக்கும். துத்தத்தின் செம்பு நாளடைவில் காகிதத்தைப் பழுப்பாக்கி இற்றுப்போக வைக்கும்.

டெல்டாவில் பெரிய எதிரி ஈரம். வாய்க்காலோரத்து வீட்டில் கார்த்திகை முடிவதற்குள் இரும்பு பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். அட்டைகளை பி.வி.சி. உறையில் போடாதீர்கள், படத்தில் ஒட்டிக்கொள்ளும். பாலிபுரோப்பிலீன் உறையிலிட்டு, இறுக்கமாக மூடுகிற டப்பாவில் நிற்கவைத்து, பத்து லிட்டர் டப்பாவுக்கு சுமார் 100 கிராம் சிலிக்கா ஜெல் துணிமுடிச்சில் வைக்கலாம். ஆரஞ்சு நிறம் பச்சையானால் எடுத்துச் சூடாக்கி உலர்த்த வேண்டும். ஒரு சின்ன ஈரமானியும் உள்ளே இருக்கட்டும். 40 முதல் 50 சதவீதம் நல்லது. அதற்கும் கீழே வெகுவாக இறங்கினால் வளைந்த அட்டை மேலும் முறுக்கிக்கொள்ளும். டப்பாவைத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது.

நம் பகுதிக்கு இதில் தனிப் பங்கு உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858இல் தஞ்சாவூர், திருவையாறு, திருச்சி கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சை, திருச்சி வட்டாரத்தின் இரட்டைப் படங்களும் அதே ஆண்டில் வெளிவந்தன. அந்தக் காலத்து அட்டைகள் வளைவில்லாத தட்டை அட்டைகள். படம் மெல்லிய தாளில், மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் துடைக்கக்கூட வேண்டாம். எந்த ஊரில், எந்த வீட்டில், எந்தப் பொருட்களோடு இருந்தது என்பதைத் தனித் துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி உறைக்குள் அட்டையின் பின்புறம் செருகி வையுங்கள். அட்டையின் மேல் பேனா படவே கூடாது.

இப்படிக்கு,
ஸ்டீரியோஸ்கோப் சேகரிப்பவர்கள்,
கும்பகோணம்.