வளராத கிருமி

குடியாத்தம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டு, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு. தங்கச்சி நலம்தானே? ஆம்பூர் பாக்கியை நான் மறக்கவில்லை.

பேத்திக்கு மூளைக்காய்ச்சல் வந்து, பிழைத்துவிட்டாள். பத்து மாதம்தான் ஆகிறது. முதல் நாள் காய்ச்சல், மறுநாள் பாலை ஒதுக்கினாள். பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி தலையைத் தடவினேன். மெத்தென்று சமமாக இருக்க வேண்டிய உச்சிக்குழி மேடாகப் புடைத்திருந்தது. இத்தனை வருஷம் டாக்டர் பக்கத்தில் கம்பவுண்டராக நின்றவன், என் கையே நடுங்கிவிட்டது. அந்த நேரத்திலேயே கார் பிடித்து வேலூர் போனோம்.

முதுகுத்தண்டில் எடுத்த நீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. வெள்ளை அணுக்கள் ஏகமாக, சர்க்கரை குறைவு. பாக்டீரியாதான் என்றார்கள். ஆனால் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கிற கல்ச்சரில் ஒன்றுமே வளரவில்லை, முன்னாடியே ஊசி போட்டாகிவிட்டதே. ஊசியைத் தள்ளிப்போட வேண்டும் என்று சொல்லவில்லை மாப்ளே, குழந்தை உயிர் முக்கியம். போடுவதற்கு முன் கொஞ்சம் ரத்தம் எடுத்து வைத்திருக்கலாம் இல்லையா?

மூளைக்காய்ச்சல் கொடுக்கிற பாக்டீரியாக்களில் ஒன்றான நிமோகாக்கஸாக இருக்குமோ என்றுதான் என் மனசு அடித்துக்கொள்கிறது. 2021 முதல் அந்தத் தடுப்பூசியை நம்ம ஊர் சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடுகிறார்கள். ஒன்பதாம் மாத டோஸ் சமயத்தில் மருமகள் பெங்களூரில் இருந்தாள், தவறிவிட்டது. அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறாள்.

மூளைக்காய்ச்சல் கொடுக்கிற இன்னொரு பாக்டீரியாவான ஹிப் கிருமிக்கு என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். இந்தியாவில் அது பெரிய பிரச்சினையே இல்லை என்று எவ்வளவு பேர் வாதாடினார்கள்! கல்ச்சரில் வளராதது கணக்கில் வராது, கணக்கில் வராததற்குத் தடுப்பூசி எதற்கு என்பார்கள். 1993இலிருந்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை மையமாக வைத்துப் பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து தேடியபோதுதான் ஹிப்பும் நிமோகாக்கஸும் நம் குழந்தைகளிடம் நன்றாகவே தென்பட்டன. அப்படியும் ஹிப்பும் சேர்ந்த ஐந்து நோய்க்கான ஊசி தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் முதலில் வந்தது 2011 டிசம்பரில்தான். நடுவில் எத்தனை பிள்ளைகள் போயிருக்கும்?

அதனால்தான் நம்ம கார்டு காலம் ஞாபகத்துக்கு வருகிறது. சி.எம்.சி. ஜேக்கப் ஜான் டாக்டர் வட ஆற்காடு முழுக்க நோய்த் தகவல் சேர்க்க ஆரம்பித்தாரே, NADHI என்று! தட்டம்மையோ மூளைக்காய்ச்சலோ, பார்த்ததும் கார்டை நிரப்பித் தபாலில் போட வேண்டும். நம்ம டாக்டர் சந்தேகம் என்றாலும் எழுதுவார். நீ ஒரு கார்டைச் சட்டைப்பையோடு துவைத்துவிட்டு அன்றைக்கு வாங்கிய திட்டு இருக்கிறதே! பாப்பா கேஸை அந்தத் தெரு கிளினிக்கில் யாராவது எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்களா, சொல்லு.

வருகிற செவ்வாய்க்கிழமை காது டெஸ்ட். இந்த நோயில் பிழைக்கிற குழந்தைக்குக் காது போவது உண்டு. நேற்று சமையலறையில் ஸ்டீல் டம்ளரைக் கரண்டியால் தட்டினேன். இடது பக்கம் தட்டினால் உடனே திரும்பினாள். வலது பக்கம் மூன்று தடவை தட்டினேன், டம்ளரையே பார்க்காமல் பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நீ வேலூர் வர முடியுமா?

உன்,
மச்சான்