பரணில் கிடக்கும் விமானம்

அன்புள்ள கயல்,

ரிமோட்டில் பறக்கவிடும் நம் பழைய டிரெய்னர் மாடல் விமானத்தில் இன்ஜினைக் கழற்றிவிட்டு பேட்டரி மோட்டார் மாட்டலாமா என்று போனில் கேட்டாய். அன்றைக்கு மழுப்பிவிட்டேன். கொஞ்சம் மனசு கேட்கவில்லை, அதுதான் நிஜம். நேற்று பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினேன். மாட்டிவிடலாம் கண்ணு.

அந்த 6.5 சிசி இன்ஜினைக் கிளப்ப நான் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். பிளக்குக்கு ஒன்றரை வோல்ட் கொடுத்து, எரிபொருள் விடும் ஊசி வால்வை இரண்டு சுற்று திறந்து, குச்சியால் புரொப்பெல்லரைத் தட்டித் தட்டி, அது உயிர் வருவதற்குள் வெயில் ஏறிவிடும். எரிபொருளான மெத்தனாலில் விளக்கெண்ணெய் கலந்திருப்பதால் இறக்கையெல்லாம் பிசுபிசுக்கும். சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைப்பது உன் வேலை. அந்தப் புகை வாசனைக்குத்தான் நான் மயங்கிக் கிடந்தேன் என்பாள் உன் அம்மா. இப்போது மெத்தனால் வாங்குவதே பெரும்பாடு. 2024-ல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. கெடுபிடி இருக்கத்தான் வேண்டும்.

எடைக்கு எடை பார்த்தால் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைவிட மெத்தனாலில் ஆற்றல் 30 மடங்குக்கு மேல். ஆனால் இத்தனூண்டு இன்ஜின் அதில் முக்கால்வாசிக்கு மேல் சூடாகவும் புகையாகவும் விட்டுவிடும். நம் விமானம் இரண்டரைக் கிலோவுக்குள்தான். நான்கு செல், 14.8 வோல்ட் பேட்டரியும் 500 வாட் தாங்கும் மோட்டாரும் போதும். இன்னொரு சௌகரியம், இன்ஜின் என்றால் டாங்க் காலியாகக் காலியாக மூக்கு லேசாகி வால் தாழும். பேட்டரி ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எடை. சார்ஜ் ஏற ஒரு மணி நேரமாவது ஆகும் என்பதால் மூன்று பேட்டரியாக வாங்கிக்கொள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. இன்ஜின் ஓடினால் தெருவுக்கே கேட்கும். பேட்டரியைச் செருகிய மோட்டாரோ சத்தமில்லாமல் காத்திருக்கும். போன வருடம் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் என் சட்டைக் கை டிரான்ஸ்மிட்டர் (ரிமோட்) குச்சியில் பட்டு, மேசையிலிருந்த விமானம் பாய்ந்து ஜன்னல் திரையைக் கிழித்தது. என் கட்டைவிரல் ஒரு சாண் தள்ளி இருந்ததால் பிழைத்தது. புரொப்பெல்லரை மாட்டுவது மைதானத்தில்தான், சரியா? பறக்காத நாட்களில் பேட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வை. முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் போட்டு வைத்தால் உப்பிப்போகும்.

பொங்கலுக்கு வரும்போது பேட்டரிகளைக் கைப்பையிலேயே கொண்டு வா, செக்-இன் பெட்டியில் விடமாட்டார்கள். முனைகளில் டேப் ஒட்டிக்கொள்.

இன்ஜினைத் தரமாட்டேன். உள்ளே விளக்கெண்ணெய் கோந்தாக இறுகிக் கிடக்கிறது. அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துத் தோசைக்கல்லில் சூடு காட்டி இளக்கலாம் என்றிருக்கிறேன். அவளிடம் சொல்லித் தொலைக்காதே.

அன்புடன்,
அப்பா