மலை இறங்கிய பிறகும் அதே ரொட்டி

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் தங்கச்சியும் நல்ல சுகம். இங்கே மூன்று நாளாக மழைக்காற்று, விறகெல்லாம் நனைந்து கிடக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று அவசரமாக வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது ரோட்டில் இறங்கி நம் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்து வீட்டுக்குப் படி ஏறினாயே, நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு தடவை நின்றாய். மாரியம்மன் கோயில் திருப்பத்தில் இன்னொரு தடவை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. வீட்டுக்குள் வந்து தண்ணீர் கேட்கக்கூட உனக்கு மூச்சு வரவில்லை. உனக்கு 29 வயதுதான் ராசா. உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு, முதுகில் கூடையோடு நான் ஏறிய படி அது.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் இதேதான் நடந்தது.

31 வருஷம் கொழுந்து மடுவத்துத் தராசில் கொழுந்து நிறுத்தேன். என்னை ஒரு நாளும் நிறுத்துப் பார்த்ததில்லை. மலை வேலையை விட்டு மூன்றாவது வருஷம், தங்கச்சி வற்புறுத்தியதால் டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனேன். 71 கிலோ. வெறும் வயிற்றில் பார்த்த இரத்தச் சீனி 118. இடுப்பு 94 சென்டிமீட்டர். நம் ஆட்களில் பெண்களுக்கு இடுப்பு 80க்குள்ளும் ஆண்களுக்கு 90க்குள்ளும் இருக்க வேண்டுமாம். இரத்தச் சீனி 126 வந்தால் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, நான் அதற்கு முந்திய படியில் நிற்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னார்.

"நான் புதிதாக ஒன்றும் சாப்பிடவில்லையே டாக்டர், எப்போதும் சாப்பிடுவதுதான்" என்றேன். "அதுதான் அம்மா காரணம்" என்றார். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே யோசித்தேன். விடியக்காலையில் கோதுமை மா ரொட்டி இரண்டு, கையில் கட்டிக்கொண்டு போக இரண்டு, இரவில் சோறு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கி, 18 கிலோ கொழுந்தைச் சுமந்தேன். அந்த ரொட்டியை மலையே வாங்கிக்கொண்டது. மலையை விட்டு இறங்கினேன், ரொட்டியை விடவில்லை. நீயோ மலைக்கே போகாதவன். காலை முதல் இரவு வரை கதிரையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறாய். ஆனால் மலைக்குப் போகிறவனுக்குப் போடுகிற சோற்றைத்தான் உனக்கும் போட்டு வளர்த்தேன். அது என் பிழை, இப்போதுதான் தெரிகிறது.

அன்று இரவு ஒரு வேலை செய்தேன். நாள் முழுக்க என் தேத்தண்ணியில் விழுகிற சீனியைக் கரண்டி கரண்டியாக ஒரு டம்ளரில் போட்டுப் பார்த்தேன். ஆறு தடவை குடிக்கிறேன், தடவைக்கு மூன்று கரண்டி. பதினெட்டாவது கரண்டி போட்டபோது டம்ளரில் பாதி நிறைந்திருந்தது. தங்கச்சி அதைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். ஒரு நாளைக்கு 6 கரண்டிக்குள் இருந்தால்தான் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதாம். நான் மூன்று நாள் சீனியை ஒரே நாளில் குடித்திருக்கிறேன்!

ஒரேயடியாக நிறுத்தவில்லை. பத்து நாளைக்கு ஒரு தடவை அரைக் கரண்டி குறைத்தேன். முதலில் வாய் கசந்தது, தலைகூட வலித்தது. இரண்டு மாதத்தில் பால் சேர்க்காத சாயத்தண்ணியின் உண்மையான ருசி தெரிந்தது. இத்தனை வருஷம் கொழுந்து பறித்தும் அந்த ருசி எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. கருப்பட்டி கடித்துக் குடித்தால் பரவாயில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவா. கருப்பட்டியும் சீனிதான் அப்பா, நம்பாதே. குரக்கன் (கேழ்வரகு) ரொட்டியும் அப்படித்தான், நல்லது என்று நாலு தின்றால் கணக்கு ஒன்றுதான். நான் ஒன்றோடு நிறுத்துகிறேன்.

சோறு இப்போது தட்டில் கால்வாசி. பாதித் தட்டுக்குப் போஞ்சி, முட்டைக்கோவா, லீக்ஸ், வல்லாரை என்று அன்றைக்குக் கிடைத்தது. மிச்சத்தில் பருப்போ கடலையோ முட்டையோ. பசி எடுக்காது என்று சொல்லமாட்டேன், முதல் இரண்டு வாரம் எடுத்தது.

காலையில் பனி விலகியதும் கோயில் வரைக்கும் போய் வருகிறேன், அரை மணி நேரம். முன்பு கங்காணி சத்தம் போட்டதால் ஏறினேன், இப்போது எனக்காக ஏறுகிறேன். ஒன்றேகால் வருஷத்தில் 63 கிலோவுக்கு வந்திருக்கிறேன். சீனி 101. முழங்கால் வலி பாதி போய்விட்டது, லயத்துப் படியைக் கம்பியைப் பிடிக்காமல் இறங்குகிறேன்.

நீ ஏதோ மாவு வாங்கிக் குடிப்பதாகத் தங்கச்சி சொன்னாள். ஒரு மாதத்தில் 10 கிலோ குறையுமாமே. வேண்டாம் ராசா, உள்ளே என்ன கலந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? காலையில் பட்டினி கிடந்துவிட்டு இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டியும் சோடாவும் சாப்பிடுவதை முதலில் விடு. சோடா போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தால் 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்று அர்த்தம். இலங்கையில் 2016இலிருந்து அதைப் போடச் சட்டம் இருக்கிறது, பார்த்து வாங்கு. வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே போதும். அமெரிக்காவில் 2002இல் வந்த ஒரு பெரிய ஆய்வைப் பற்றி டாக்டரம்மா சொன்னார். சீனி வருத்தம் வரும் நிலையில் இருந்தவர்கள், உடம்பு நிறையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைத்து வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கப் பார்த்தார்களாம். வருத்தம் வருவது அவர்களிடத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டதாம். நீ 91 கிலோ. நூற்றுக்கு 7 என்றால் 6 கிலோ சொச்சம்தானே! கொழும்பில் வேலை விட்டு வரும்போது பம்பலப்பிட்டியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி வெள்ளவத்தைக்கு நடந்து வா. இரவில் போனைத் தள்ளி வைத்துவிட்டு நேரத்துக்குத் தூங்கு, தூக்கம் கெட்டால் பசியும் கெடும்.

அப்பாவுக்கு பிரஷர் இருந்தது உனக்குத் தெரியும். கருவாடும் கட்டச் சம்பலும் இல்லாமல் சோறு இறங்காது அவருக்கு. தலை சுற்றவில்லை என்று மாத்திரையை அவராகவே நிறுத்தினார். பாரிசவாதம் வந்து கைகால் விழுந்தபோது 52 வயது. நீ ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாய். அவரைக் கம்பளியில் போட்டு அந்தப் படி வழியாகத்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நீ அந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றபோது எனக்கு அதுதான் கண்ணில் வந்தது. வேறொன்றும் இல்லை. இந்த மாதமே பிரஷரும் சீனியும் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லு.

ஹட்டன் பஸ்ஸில் கீழ் லயத்துத் தம்பி வருகிறான். அவனிடம் குரக்கன் மா ஒரு கிலோவும், வறுத்த கடலையும், தோட்டத்துக் கரட்டும் கொடுத்துவிடுகிறேன். பையின் அடியில் என் தையல் டின்னில் இருந்த அளவு நாடா இருக்கும். விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து, வயிற்றை உள்ளே இழுக்காமல் அள. எத்தனை வந்தாலும் மறைக்காமல் சொல்லு. பொங்கலுக்கு வரும்போது நாடாவையும் கொண்டு வா, என்னுடையதையும் உன் கையால் அளந்துவிட்டுப் போ.

அம்மா