விமானத்துக்குக் கீழே நிற்பவனுக்கு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் டிப்ஸ் கொடுக்கும் முறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உணவகம், டாக்சி, முடிதிருத்தகம், ஓட்டல் அறை என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார். கடைசிப் பத்தியில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தனி விமானத்தில் வந்து இறங்குகிறவர்களும் "கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம்" கொடுத்துவிடலாம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார். நியூ ஜெர்சியில் ஒரு தனியார் விமான முனையத்தில் ஒன்பது ஆண்டுகள் வெளிவேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்த முனையங்களைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. நியூயார்க் நகரத்துக்கு வரும் தனி விமானங்களில் ஏராளமானவை இறங்குவது டீட்டர்பரோ என்ற இடத்தில். மன்ஹாட்டனிலிருந்து 12 மைல் தூரம். டிக்கெட் வாங்கி ஏறும் விமானம் ஒன்றுகூட அங்கே கிடையாது. 1,00,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள விமானத்துக்கு அனுமதியும் கிடையாது. இப்படிப்பட்ட இடங்களில் விமானத்தை வரவேற்று, நிறுத்தி, எரிபொருள் நிரப்பி அனுப்புகிற நிறுவனங்களை எஃப்.பி.ஓ. என்பார்கள். அவர்களுடைய லைன் ஆட்கள்தான் நாங்கள். இரண்டு கையிலும் ஒளிக்கோல் பிடித்து விமானத்தை உள்ளே அழைப்பது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பது, பெட்டிகளை இறக்கிக் காரில் ஏற்றுவது, கழிவறைத் தொட்டியைக் காலிசெய்வது எல்லாம் எங்கள் வேலை.

இனி அந்தச் சதவீதக் கணக்குக்கு வருகிறேன். ஒரு ஜெட் விமானம் 1,000 கேலன் நிரப்புகிறது, கேலன் 7 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,000 டாலரில் 15 சதவீதம் 1,050 டாலர். அப்படி ஒருவராவது எனக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்தை ஏதாவதொரு தீவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன். உணவகத்தில் சதவீதம் பேசுவதற்குக் காரணம் உண்டு. பரிமாறுகிறவருக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, நாடு முழுமைக்குமான சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர்தான். 1991 முதல் அது ஏறவே இல்லை. பல மாநிலங்கள் கூடுதலாக வைத்திருக்கின்றன என்றாலும், மிச்சக் கூலியை வாடிக்கையாளரின் டிப்ஸ்தான் நிரப்புகிறது. எங்கள் கதை வேறு. எங்களுக்கு மணிக்கூலி முழுதாக வந்துவிடும். யாரும் எங்களுக்கு எதுவும் கடன்படவில்லை. அதனாலேயே இங்கே நோட்டுக் கணக்குதான், சதவீதக் கணக்கு இல்லை. நான் பார்த்த வழக்கத்தில், சின்ன பிஸ்டன் விமானத்தை, அதாவது கார் இன்ஜின் மாதிரியான இன்ஜினில் ஓடும் விமானத்தை, தானே ஓட்டிவருகிற மனிதர் 5 டாலர் கொடுப்பார். ஜெட் விமானத்தில் பெட்டிகளைத் தூக்கினால் ஆளுக்கு 10, 20. பனிநாளில் கூடும்.

கொடுப்பது யார் என்பதில்தான் குழப்பமெல்லாம். கேப்டன் கொடுத்திருப்பார் என்று பயணி நினைக்கிறார். பயணி கொடுத்திருப்பார் என்று கேப்டன் நினைக்கிறார். பில்லில் 'ஹேண்ட்லிங் கட்டணம்', 'ராம்ப் கட்டணம்' (ராம்ப் என்பது விமானம் நிறுத்தும் தளம்) என்று நூற்றுக்கணக்கில் போட்டிருப்பதைப் பார்த்தவர், அதுதான் எங்களுக்குப் போகிறது என்று நினைக்கிறார். அது நிறுவனத்தின் வருமானம், எங்கள் பைக்கு வருவதில்லை. வாடகை விமானம் எடுக்கிறவர்கள் புறப்படும் முன்பே கேப்டனிடம் "லைன் ஆட்களுக்கு நீங்கள் கொடுக்கிறீர்களா, நான் கொடுக்கட்டுமா" என்று கேட்டுவிடுவது நல்லது.

கையில் கொடுப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஜனவரி மாதத்து இரவு ஒன்றில், ஒரு கேப்டன் நாலாக மடித்த 20 டாலர் நோட்டைக் கைகுலுக்கலில் நழுவவிட்டார். என் கையில் தடித்த குளிர் உறை. நோட்டு இருப்பதே எனக்குத் தெரியவில்லை. அவர் கையை விட்டதும் அது கீழே விழுந்து, விரிந்து, காற்றில் ஓட ஆரம்பித்தது. நானும் இன்னொருவரும் பின்னாலேயே ஓடினோம். பணத்துக்காக மட்டும் இல்லை. இன்ஜின் இயங்கும் இடத்தில் காகிதமோ, திருகாணியோ, டாலரோ, தளர்வாகக் கிடக்கிற எதுவுமே ஆபத்து. பார்த்தால் எடுத்தே ஆகவேண்டும் என்பது விதி. வேலி ஓரத்தில் பிடித்தோம். கேப்டன் சிரித்தார். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. ஆகையால் தயவுசெய்து கட்டடத்துக்குள் வந்த பிறகு கொடுங்கள்.

யாரிடம் கொடுப்பது என்பது இதைவிடப் பெரிய விஷயம். பெட்டி தூக்குகிறவனைப் பயணி பார்க்கிறார், அவனுக்குக் கிடைத்துவிடும். கழிவறைத் தொட்டியைக் காலிசெய்தவன் அதற்குள் அடுத்த விமானத்துக்குப் போயிருப்பான். பனிநீக்குகிற வண்டியின் கூடையில் நின்று, இறக்கைமேல் முதலில் ஆரஞ்சு நிறத் திரவத்தையும் பிறகு பச்சை நிறத் திரவத்தையும் பீய்ச்சுகிறவனின் முகத்தை யாரும் பார்ப்பதே இல்லை. பாதித் திரவம் எதிர்க்காற்றில் அவன்மேலேயே திரும்பி விழும். வீட்டுக்குப் போனபின்னும் அந்தத் தித்திப்பு வாடை சட்டையில் இருக்கும். எங்கள் ஷிப்டில் எது வந்தாலும் ஒரு காபி டப்பாவில் போட்டு ராத்திரி பங்கிட்டுக்கொண்டோம். எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. ஒரு கவரில் போட்டு, மேலே 'ராம்ப், இரவு ஷிப்ட்' என்று எழுதி, ஷிப்ட் பொறுப்பாளர் கையில் கொடுத்தால் நிச்சயம் போய்ச்சேரும்.

நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஒருமுறை கோவைப் பக்கத்துத் தொழிலதிபர் ஒருவர் குடும்பத்தோடு வாடகை ஜெட்டில் வந்து இறங்கினார். பதினோரு பெட்டிகள். என் சட்டையில் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எந்த ஊர், என்ன படித்தீர்கள் என்று விசாரித்தார். மதுரை, பி.காம். என்றேன். "பி.காம். படித்துவிட்டா இந்த வேலை?" என்று வருத்தப்பட்டார். என்னோடு பெட்டி தூக்கிய ஈக்வடார்க்காரர் இருவருக்கும் ஆளுக்கு 20 டாலர் கொடுத்தார். எனக்கு விசிட்டிங் கார்டு கொடுத்தார். நம் ஊர்ப் பிள்ளையிடம் காசை நீட்டுவது அவமதிப்பு என்று அவர் நினைத்திருக்கிறார், அதில் மரியாதைதான் இருந்தது. ஆனால் அந்தப் பதினோரு பெட்டிகளில் நாலை நான் தூக்கினேன், ஐயா. ஈக்வடார்க்காரர்கள் இருவரும் அன்றைக்கு என்னைப் பங்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

காசால் வாங்கக்கூடாதவையும் சில உண்டு. "சீக்கிரம் நிரப்பு" என்று 50 டாலரை நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் விமானத்துக்கான பெட்ரோல் நீல நிறம், ஜெட் எரிபொருள் வெளிர் வைக்கோல் நிறம். மாற்றி ஊற்றினால் விமானம் மேலே எழும்பிய பிறகு இன்ஜின் நிற்கும். அது நடந்துவிடக்கூடாது என்றுதான் ஜெட் எரிபொருள் குழாயின் மூக்கையே வாத்து அலகு போல அகலமாகச் செய்திருக்கிறார்கள். சரிபார்க்கிற அந்த ஒரு நிமிடத்தை எந்த நோட்டுக்கும் விற்கக்கூடாது. நான் 50 டாலரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மனம் வலித்துத்தான் கொடுத்தேன்.

இப்படிக்கு,
முன்னாள் லைன் பணியாளர்,
எடிசன், நியூ ஜெர்சி.

பி.கு.: வெளிநாட்டிலிருந்து நேராக வருகிற விமானத்தைச் சோதிக்கச் சீருடையில் கஸ்டம்ஸ் அதிகாரிகளும் வருவார்கள். வரிசையாக எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வரும் வேகத்தில் அவர்களிடமும் நீட்டிவிடாதீர்கள். அரசு அதிகாரிக்குப் பணம் கொடுப்பது அங்கே குற்றம்.