காலைப் பொழுதையாவது விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக வாவிகளில் மோட்டார் படகுச் சவாரியைப் பெருக்க வேண்டும் என்ற தங்கள் ஞாயிறு இதழ்க் கட்டுரையை வாசித்தேன். வருமானம் வேண்டாம் என்று எவரும் சொல்லப்போவதில்லை. ஆனால் 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் அமைந்த நுவரெலியா வாவியாகட்டும், பின்னாளில் வந்த நீர்த்தேக்கங்களாகட்டும், அங்கே நாம் தேடிப்போவது குளிரையும் அமைதியையுமே. வேகச் சவாரிக்குக் கடற்கரை இருக்கிறது.

கடந்த மார்கழியில், முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் அம்மாவை வாவியோரப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துப்போனேன். காலை ஏழு மணி. பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. கானாங்கோழி ஒன்று புல்லுக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்ததை, பிளேன்டீ ஆறியதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் படகு உறுமியதும் அது நாணலுக்குள் மறைந்தது. "இங்கயும் ஃபெக்டரிச் சத்தந்தானா?" என்றார் அம்மா. இத்தனைக்கும் படகில் ஓட்டுநரைத் தவிர ஒருவருமில்லை! முற்பகல் பத்து மணிவரை துடுப்புப் படகுகளையும் மிதிபடகுகளையும் மட்டும் அனுமதிக்கலாம். ஏப்ரல் வசந்தகாலக் கூட்டம் வருமுன் ஓரிரு மாதங்கள் இதைப் பரீட்சித்துப் பார்க்கட்டும்.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்.