இனிஷியலைக் காட்டி ஒருவரின் சேமிப்பை நிறுத்தாதீர்கள்

எங்கள் பகுதி வருங்கால வைப்பு நிதி அலுவலக அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவில் லேத் பட்டறை நடத்துகிறேன். ஆட்களில் பாதிப் பேர் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள். எங்கள் மூத்த டர்னர் மகள் கல்யாணத்துக்குக் கேட்ட பி.எஃப். முன்பணம் எதனால் நிற்கிறது என்பது தங்களுக்குத் தெரியும். உங்கள் கணக்கில் அவர் ‘கே. முருகன்’, ஆதாரில் ‘முருகன் கந்தசாமி’. தகப்பனார் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒன்றுதான். பெயர் பொருந்தாததால் யு.ஏ.என். என்ற அவருடைய பி.எஃப். உறுப்பினர் எண்ணோடு ஆதார் இணையவில்லை. பெயரைத் திருத்தச் சொல்லும் கூட்டு அறிவிப்புப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட, நானும் முத்திரை வைத்துக் கொடுத்தேன்.

பள்ளிச் சான்று வேண்டும் என்றீர்கள். எட்டாவதோடு நின்றவர், லீவு போட்டு ஊருக்குப் போய் வாங்கி வந்தார். தமிழில் இருக்கிறது என்று திரும்பி வந்தது. மொழிபெயர்த்து, சான்றொப்பம் வாங்கிக் கொடுத்தோம். அதிலும் இனிஷியல்தான் இருக்கிறது என்று மறுபடி திரும்பியது. தமிழ்நாட்டில் அப்பா பெயரின் முதல் எழுத்தைத்தானே முன்னால் போடுவார்கள்? கல்யாணத் தேதி காத்திருக்குமா? மூன்று வட்டிக்கு வாங்கி மகள் கல்யாணத்தை முடித்தார். அவருடைய சொந்தப் பணம் உங்களிடம் இருக்கும்போதே இந்தக் கடன்.

தயவுசெய்து அந்தப் படிவத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதைப் பக்கத்து மெஷினில் நிற்கும் பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புதிதாகச் சேருபவர்கள், “பி.எஃப். பிடிக்காதீங்க அண்ணா, கையில கொடுத்துடுங்க” என்கிறார்கள். சட்டம் இது, வயதான காலத்தில் உதவும் என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். இப்போது முருகனைக் காட்டிக் கேட்கிறார்கள், எனக்குப் பதில் இல்லை. பிடித்தம் இல்லாத பட்டறை தேடி ஒருவர் போயும் விட்டார்.

மாதாமாதம் 15ஆம் தேதியைத் தாண்டி நாங்கள் பி.எஃப். பணம் கட்டினால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி, அதற்கு மேல் அபராதம். ஆர்டர் கொடுத்தவர் பில்லை இழுத்தடித்தாலும் அந்தத் தேதி மாறாது. சரி, தொழிலாளி பணம், கட்டுகிறோம். உங்கள் பக்கம் தாமதமானால் முருகன் கட்டும் வட்டிக்கு யார் பொறுப்பு? தேதி எங்களுக்கு மட்டும்தானா?

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: அவர் படிவத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னும் குறை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்து இதே போல இனிஷியலோடு இன்னும் சிலர் எங்கள் பட்டறையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டால், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வாங்கி வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு பட்டறை உரிமையாளர்