கண்ணுசாமியின் ஊரில் ஒரு தமிழ்ப் பலகை வேண்டும்

கண்டி நகரின் பழைய இடங்களையும் அருங்காட்சியகங்களையும் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் தோட்டப் பாடசாலையின் எட்டாம் தரத்துப் பிள்ளைகள் 34 பேரைக் கண்டிக்குச் சுற்றுலா கூட்டி வந்த ஆசிரியை நான். எந்த இடத்தில் நடந்தது என்று எழுதவில்லை. யாருடைய வேலைக்கும் உலை வைப்பது என் நோக்கமில்லை. தவிர, பெயர் போட்டால் மற்ற இடங்களில் இருப்பவர்கள் "அது நாங்கள் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுவீர்கள்.

பஸ்ஸுக்கான காசு, பெற்றோர் கொழுந்து குறைந்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. உள்ளே கடைசி மன்னரின் படத்துக்குக் கீழே ஒரு பலகை, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். வாசலில் ஜெர்மன், சீன மொழிகளில்கூடத் துண்டுப்பிரசுரம் கிடைத்தது. தமிழில் மட்டும் ஒரு வரி இல்லை. ஒரு பிள்ளை ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிக் கொண்டே போனவள் திடீரென்று கத்திவிட்டாள்: "டீச்சர், கண்ணுசாமி! எங்க தாத்தா பேரு!"

ஆமாம், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் அதுதான். பிள்ளைகள் எல்லாரும் படத்தைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வகுப்பில் ஒரு தவணை முழுக்கக் கத்தினாலும் கிடைக்காத கவனம் அது. நான் சொல்லத் தொடங்கினேன். 1739 முதல் 1815 வரை இந்த நகரத்தை ஆண்ட நான்கு மன்னர்களும் மதுரை நாயக்கர் வழி வந்தவர்கள். அவர்களில் இரண்டாமவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, 1753இல் உபசம்பதா என்ற பிக்குகளின் உயர் துறவறச் சடங்கை மீண்டும் தொடங்க வைத்தவர். அவ்வளவுதான் சொல்லி முடித்தேன். ஓர் அலுவலர் வந்தார். இங்கே விளக்கம் சொல்ல அனுமதி பெற்ற வழிகாட்டிகளுக்கு மட்டும்தான் முடியுமாம். சரி, தமிழ் தெரிந்த வழிகாட்டி ஒருவரைத் தாருங்கள் என்றேன். இல்லையாம்.

பலகையும் இல்லை, வழிகாட்டியும் இல்லை, டீச்சரும் வாய் திறக்கக் கூடாது. அப்புறம் அந்தப் பிள்ளைகள் எதற்காக டிக்கட் வாங்கினார்கள்?

வெளியே வந்து குளக்கரையில் முகில் வடிவில் கட்டிய மதிலோரம் அவர்களை வரிசையாக நிற்க வைத்து மீதிக் கதையைச் சொன்னேன். அந்தக் குளமும் கண்ணுசாமி வெட்டுவித்ததுதான், வயலாக இருந்த நிலத்தில். பாதியில் மழை பிடித்துக்கொண்டது.

அவர் தமிழ் மன்னரா, தெலுங்கரா, சிங்கள மன்னரா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கண்டி எங்களுக்கு மட்டும் சொந்தம் என்றும் கேட்கவில்லை. கண்டியின் பெரஹரா திருவிழாவில் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையோடு நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களும் சேர்ந்துதான் ஊர்வலம் வருகின்றன. அந்தப் பத்தினி வேறு யாருமில்லை, பிள்ளைகள் பாடத்தில் படிக்கும் கண்ணகி. இதை ஒரு பலகையில் தமிழில் எழுதினால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

நகரத்துக்குக் காசு வந்த கதையையும் எழுதுங்கள். கண்ணுசாமியைச் சிறைபிடித்துத் தமிழ்நாட்டு வேலூருக்கு அனுப்பிய அதே வெள்ளைக்காரர்கள்தான் சில ஆண்டுகளில் அதே தமிழ்நாட்டுக் கரையிலிருந்து எங்கள் முன்னோரைக் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தவர்கள் அவர்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். 1867இல் கண்டிக்கு ரயில் வந்ததும் கோப்பி மூட்டைகளுக்காகத்தான். அதே ஆண்டில் கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். டெய்லரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்களுக்கு ஒரு வரியாவது உண்டா?

தமிழ்ப் பலகையே இல்லை என்றும் சொல்லக் கூடாது, பாருங்கள். திரும்பும் வழியில் ஒரு பஸ் நிலையத்தில் 'கவனம்' என்பதைக் 'கவணம்' என்று எழுதியிருந்தார்கள். கவண் வைத்து யார் கல்லெறியப் போகிறார்கள் என்று பிள்ளைகள் சிரித்துத் தீர்த்தார்கள். தமிழ் அரச கரும மொழியாகி இத்தனை காலமாகிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுதி வைத்தார்கள், எழுத்துப்பிழை இல்லாமல். அங்கிருந்து ஒரு சுவர்ப் பலகைக்கு வந்து சேர அதற்கு இன்னும் எத்தனை வருடம் வேண்டும்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். பணிவாகவே கேட்கிறேன். இருக்கும் பலகைகளில் தமிழையும் சேருங்கள். அது முடியும்வரை, தன் பிள்ளைகளுக்குத் தமிழில் விளக்கம் சொல்லும் ஆசிரியரைத் தடுக்காதீர்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை, செலவாகும் என்றால், நானும் என்னோடு படிப்பிக்கும் இரண்டு ஆசிரியர்களும் காசு வாங்காமல் எழுதித் தருகிறோம். எழுத்துப்பிழை பார்த்தே தருவோம்.

அடுத்த தவணையில் ஏழாம் தரத்தைக் கூட்டி வர வேண்டும். அதற்கு முன் ஒரு பதில் அனுப்புங்கள். தமிழில் அனுப்பினால் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை,
புசல்லாவை